புஷ்பஜாடிப் பிரியர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஊருக்குச் சற்று ஒதுக்குப்புறமாக வீடு கட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே எஞ்சிய நாலு முழ மண்ணைத் தோட்டம் என்று வழங்குகிற கனவான்களில், கூடத்து மேஜைமேல் உள்ள புஷ்பஜாடி ஒருநாளும் வெறுமையாக இருக்கலாகாது என்றும், அதில் இடும் மலர் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கவே கூடாது என்றும் விரதம் பூண்டவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஐப்பசி அடைமழையில் கொடிகளெல்லாம் வெறும் இலையாய் நிற்க, பூக்காரி முழத்துக்குச் சொல்லும் விலையைக் கேட்டு இல்லத்தரசிகள் திகைக்கும் வேளையில்தான் அவருடைய மேதாவிலாசம் பிரகாசிக்கும்.

விடிந்ததும் கத்தரிக்கோலும் வாளித் தண்ணீருமாகப் புறப்படுவார். காம்பை நீருக்குள் அமிழ்த்திச் சாய்வாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் புகுந்து தண்ணீர் மேலேறாது என்ற சாஸ்திரமெல்லாம் அவருக்குக் கரதலப் பாடம். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாததுதான் குறை. இருப்பது ஒற்றைச் செம்பருத்தி. நீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதற்கு ஆயுள் ஒரு பகல்தான். அந்த அற்பாயுளுக்கும் பூஜையறைப் பிள்ளையார் பாத்தியதை கொண்டாடுவார். "பிள்ளையாருக்கு இல்லாத பூ பீங்கானுக்கு என்னத்துக்கு?" என்று வீட்டு அம்மாள் ஒரே வாக்கியத்தில் வழக்கைத் தீர்த்துவிடுவாள்.

நம்மவர் தளரமாட்டார், ஜப்பானியரின் மலர் அலங்காரக் கலையாகிய இகபானாவைத் துணைக்கு அழைப்பார். 1462-ல் கியோத்தோ நகரில் இகெனோபோ செங்கெயி என்ற பிட்சு பொன் ஜாடியில் மலர் அமைத்ததைக் காண ஜனங்கள் போட்டியிட்டுக்கொண்டு வந்த வரலாற்றை உருக்கமாகச் சொல்லுவார்; அந்தப் பிட்சு வைத்தது சில பத்துக் கிளைகள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார். காகிதப்பூவில் நாம் பூவென்று மயங்கும் வர்ணமே இலையின் வர்ணம்தான் என்னும்போது, குரோட்டன்ஸ் இலை என்ன பாவம் செய்தது என்று கேட்பார். ஆகவே, வானம், பூமி, மனிதன் என்று இகபானா வகுக்கும் மூன்று அங்கங்களில், வானத்துக்கு நெடிய குரோட்டன்ஸ், பூமிக்கு நந்தியாவட்டை மொக்கு, நடுவே மனிதனுக்குக் கறிவேப்பிலைக் கொத்து என்று மூன்றும் ஜாடி ஏறிவிடும்.

மாலையில் வந்த விருந்தாளி, "பூ இன்னும் வைக்கவில்லையா, சார்?" என்று கேட்டுவிட்டால் போயிற்று. வெற்றிடமும் அலங்காரத்தின் ஓர் அங்கமே என்று அரை மணி நேரம் பிரசங்கம் நடக்கும். அதற்குள் ரசம் தாளிக்க அவசரமாய் வந்த அம்மாள் மனிதனை உருவிக்கொண்டு போய்விடுவாள். பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளி, "மனிதனைக் காணோமே!" என்று பதறினால், "அதுதான் ஐயா தத்துவம்! வானமும் பூமியும் நிலைத்தவை; மனிதன் நடுவில் வந்து போகிறவன்" என்று சற்றும் கலங்காமல் சாதிப்பார்.

சித்திரை பிறந்து மல்லிகை மலிந்துவிட்டாலோ, ஜாடிப் பொறுப்பைப் பேத்தியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பூ இருக்கும்போது அலங்காரம் யாருக்குத்தான் வராது என்பது அவர் கட்சி.