துறைமுகத்தைப் பிடித்த பஜாஜ்

திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் கண் வைக்காத கப்பல்காரன் கிடையாது. 1620இல் டேனிஷ்காரர் எட்டிப் பார்த்தார்கள். கண்டி அரசனோடு கணக்குச் சரிவராமல் தரங்கம்பாடியோடு திருப்திப்பட்டார்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். அந்த ஊர் 1782இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் ஒரே வருஷத்தில் போனது. களவெடுத்த பைக் கூட அவ்வளவு வேகமாகக் கைமாறாது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். பிறகு ஹொண்டாவாக வந்தபோதுதான் வரவேற்றோம். 1987இல் வந்த இந்தியப் படையின் கடைசித் தொகுதி 1990 மார்ச்சில் இங்கேதான் கப்பலேறியது.

ஒரு வெடிகூடத் தீர்க்காமல் ஊரைப் பிடித்து, இன்றுவரை போகாதவன் பஜாஜ். மூன்று சக்கரத்தில் சந்தியைப் பிடித்தான், இரண்டு சக்கரத்தில் வீட்டைப் பிடித்தான்.

பிறந்த இந்தியாவில் அவன் அப்படியொன்றும் வேகக்காரன் இல்லை. 1945இல் தொடங்கிய கம்பனி, இத்தாலி வெஸ்பாவை இறக்கி விற்றது. பிறகு உரிமம் வாங்கித் தானே செய்தது. உரிமம் 1971இல் முடிந்ததும், கிட்டத்தட்ட அதே உடம்புக்கு ராணா பிரதாபின் குதிரைப் பெயரைச் சூட்டி, 1972இல் சேத்தக் என்று இறக்கியது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை டில்லி தீர்மானித்த காலம். பணம் கட்டியவர் பத்து வருஷம்வரை காத்திருந்தார். அதற்குள் உண்மைக் குதிரை குட்டி போட்டு, குட்டியும் சவாரிக்கு வந்திருக்கும்.

2009இல் பஜாஜ் அங்கே ஸ்கூட்டரைக் கைவிட்டது. அதே வருஷம் இங்கே கிண்ணியாப் பாலம் திறந்தது. படகுப்பாதைக்குக் காத்துக்கிடந்த சனம் பைக்கில் பறந்தது. பஜாஜின் சிடி100இல் வாப்பா, உம்மா, நடுவில் இரண்டு பிள்ளை, பெற்றோல் தாங்கிமேல் மூன்றாவது. இலங்கைத்துறை முகத்துவாரத்தில் மீன்பெட்டி கட்டிய பைக் ஹோன் அடித்தால் பூனைகளும் வாசலுக்கு வரும். பெடியன்களுக்குப் பல்சர்; அதன் சத்தத்தில் கிழவர்களுக்கு மத்தியான நித்திரை போனது.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. பழைய பைக் புதுசின் விலையைத் தாண்டியது. சேத்தக் காலத்து இந்தியா கடல் கடந்து வந்துசேர்ந்தது. 2022இல் பெற்றோலும் இல்லை. பிறகு கியூஆர் காட்டினால் கிழமைக்கு 4 லீற்றர். சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன 99 ராட்சத எண்ணெய்த் தாங்கிகள், ஒரு பகுதி இந்தியன் ஓயில் கையில். ஊரோ இந்திய பைக்கைத் தள்ளிக்கொண்டு இந்திய ஷெட்டில், இந்தியா தந்த கடனில் வந்த பெற்றோலுக்கு வரிசையில் நின்றது.

வரிசையில் ஒரு அண்ணை கேட்டார்: “எல்லாம் அவையள்தான் எண்டால், இந்த பைக்கை மட்டும் ஏன் தம்பி நாங்கள் காசு குடுத்து வாங்கினனாங்கள்?”