காத்துப் புடிச்ச வண்டி

வா கண்ணு, வா. வண்டிய ஏன் அந்த வேப்பமரத்துல கொண்டுபோயிச் சாத்தறே? ஓ, நீ சாத்தலையா, அதுவாப் போயி முட்டுச்சா? நல்லது. இனிப் போற ஊர்லயெல்லாம் மரம் இருக்குதான்னு கேட்டுட்டுப் போ. பிரேக்குச் செலவு மிச்சம்.

எங்கே, அந்த முன் பிரேக்கப் புடி பாக்கலாம். அடேயப்பா! லீவரு ஆக்ஸிலேட்டர் புடியப் போயி முத்தங் குடுக்குது. ஈரச் சாணிய அமுக்குனாப்பல மெத்துன்னு இருக்குது. இதுக்கு வைத்தியமா 600 ரூவா குடுத்து செவப்புல புது லீவரு மாட்டியிருக்கறயாக்கும். பல்லு வலிக்கு மீசை திருத்துனவன நான் இன்னைக்குத்தான் பாக்கறன்.

கேளு. உங்கப்பன் ஓட்டுன வண்டில கம்பி வெச்ச டிரம் பிரேக்கு. லூசாச்சுன்னா நட்டத் திருகுனாத் தீந்துது. இது டிஸ்க்கு. உள்ள கம்பியே கெடையாது. லீவர்கிட்ட மாஸ்டர் சிலிண்டர்ல ஒரு சின்ன பிஸ்டன், கீழ காலிப்பர்ல ஒரு பெரிய பிஸ்டன், நடுவுல ஓஸ் பூராவும் ஆயிலு. ஆயிலு சுருங்காது. மேல தள்ளுனது அப்பிடியே கீழ போயி, பேடு டிஸ்க்கக் கவ்விப் புடிக்கும். அதுக்குள்ள ஒரு துளி காத்துப் பூந்துச்சுன்னா, நீ தள்ளறதையெல்லாம் அது சுருங்கிச் சுருங்கி முழுங்கிரும். மேல இருந்து அனுப்புனது கீழ வந்து சேராது. நான் அரசியல் பேசல கண்ணு, பிரேக்கத்தான் சொல்றன்.

இந்தக் கெணத்து மேட்டுல கரண்டு வர்றதுக்கு முன்னாடி ஆயில் இன்சின் ஓட்டுனவன் நான். டீசல் கொழாயில ஏர் புடிச்சுதுன்னா இன்சின் முக்கும், மொனகும், நின்னு போயிரும். பில்டர் மேல இருக்கற திருகாணிய லூசு பண்ணி கைப்பம்ப அடிச்சா மொதல்ல நொரை வரும், அப்பறம் குமிழி வரும், அப்பறம் சுத்த டீசல் வரும். மூடீட்டு ஓட்டுவன். உன்ற பிரேக்குக்கும் அதே வைத்தியந்தான். அதுக்குப் போயி ராத்திரி பூரா போன நோண்டிப் படம் பாத்தேன்னு உங்கம்மாயி சொன்னா.

ஸ்பானர எடுக்கறதுக்கு முன்னாடி நாடி புடிச்சுப் பாக்கோணும். லீவர நாலஞ்சு தடவை வெரசா அடி. அடிக்க அடிக்கக் கெட்டியாச்சுன்னா பெரும்பாலும் காத்து. கெட்டியா நின்னுட்டு, அமுக்கிப் புடிச்சிருக்கற போதே மெல்ல மெல்லக் கீழ எறங்குதா? அப்ப எங்கியோ ஒழுகுது. வெளிய ஈரமில்லைன்னா மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேஞ்சு போச்சு, கிட்டு மாத்தோணும். சும்மா இருந்தா நல்லா இருக்குது, மலை எறங்கறப்ப மட்டும் மெத்துன்னு ஆவுதா? அப்ப ஆயிலு கெழடு தட்டிப் போச்சு.

போன மாசம் திம்பம் எறங்கறப்ப 27 கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக்க உடாமப் புடிச்சுட்டே வந்து, பண்ணாரில டீ குடிச்சுட்டுப் பாத்தா தானாச் சரியாயிருச்சு, ஆத்தா அருள்னு சொன்னயே, ஞாவகம் இருக்குதா? ஆத்தாளுக்கு வேற சோலி இருக்குது கண்ணு. பிரேக்கு ஆயிலு காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். டாட் 4 ஆயிலுன்னா, புதுசுல 230 டிகிரிக்குக் கொறைஞ்சு கொதிக்கப்படாதுன்னு கணக்கு. நூத்துக்கு மூணே முக்காப் பங்கு தண்ணி சேந்துதுன்னா அந்தக் கணக்கு 155-க்கு எறங்கிரும். கொதிச்சா ஆவி, ஆவின்னா மறுக்காவும் காத்து. ஆறுனா அடங்கிப் போவும். அதனால ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆயில மாத்தோணும். நீ வாங்குனதுக்கு அப்பறம் ஸ்டிக்கரு நாலு தடவை மாத்தியிருக்கறே, ஆயில ஒருக்காக்கூட மாத்தல.

சரி, இப்ப எந்திரி. மாஸ்டர் சிலிண்டர் டப்பா மூடி மேலயே என்ன ஆயிலுன்னு எழுதியிருக்கும். சீலு ஒடைக்காத புட்டியா வாங்கியா. டேங்கு மேல ஈரத்துணியப் போடு, இந்த ஆயிலு பட்டா பெயிண்டு உரிஞ்சு வந்துரும். பட்டுச்சுன்னா ஒடனே தண்ணி ஊத்திக் கழுவு. காலிப்பர்ல ரப்பர் தொப்பி போட்ட நிப்பிள் இருக்குது பாரு, அதுல மொதல்ல ரிங் ஸ்பானர மாட்டு, அப்பறம் கண்ணாடி டியூப்பச் சொருகு. மறு முனை, வேறொரு காலிப் புட்டில கொஞ்சம் ஊத்தி வெச்ச ஆயிலுக்குள்ள முங்கி இருக்கோணும்.

லீவர நாலு தடவை அடிச்சு அமுக்கிப் புடி. புடிச்சுட்டே நிப்பிளக் கால் திருகு தொற. புஸ்ஸுன்னு நொரையோட வரும், லீவரு புடி வரைக்கும் போவும். நிப்பிள மூடு. மூடுனதுக்கு அப்பறம் கைய உடு. தொறந்திருக்கறப்ப கைய உட்டீன்னா, போன காத்து திரும்பி வந்து குந்திக்கும், சீருக்கு வந்துட்டுப் போவாத ஒறம்பரையாட்ட. டியூப்புல குமிழி நிக்கற வரைக்கும் இதேதான். மேல டப்பால ஆயிலு எறங்க எறங்க ஊத்தீட்டே இரு. அது வத்துச்சுன்னா அங்கிருந்து காத்துப் பூந்து, மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். கடைசில நிப்பிள அளவா முறுக்கு. உன்ற வீரத்த அதுல காட்டாத.

அப்பவும் சித்த மெத்துன்னு இருந்துச்சுன்னா, சைக்கிள் டியூப்புத் துண்டுல லீவரப் புடியோட சேத்துக் கட்டீட்டுப் போயிப் படு. சைடு ஸ்டாண்டுல சாஞ்ச வண்டிக்கு வலது கைப்பக்கந்தான் மேல இருக்கும். ஒளிஞ்சிருக்கற பொடிக் குமிழியெல்லாம் ராத்திரியோட ராத்திரியா மேல ஏறிப் போயிரும். உன்றது பழைய வண்டிங்கறதால இது போதும். 2019 ஏப்ரலுக்கு அப்பறம் 125 சிசிக்கு மேல வர்றதெல்லாம் ஏபிஎஸ். அதுல காத்து ஏபிஎஸ் பொட்டிக்குள்ள போயிச் சிக்குச்சுன்னா ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போவோணும்.

இன்னொண்ணு. ஆயிலு கொறையுதேன்னு அந்த டப்பால இன்சின் ஆயில ஊத்தி வெச்சிறாத. உள்ள இருக்கற ரப்பரெல்லாம் ஊதிப் போயிரும். பேடு தேஞ்சாலும் ஆயிலு எறங்கும். ஊத்தறதுக்கு முன்னாடி குனிஞ்சு பேடப் பாரு. குனிஞ்சா தலைமயிர் கலையுமேன்னு பயந்துக்காத, இங்க பாக்கறதுக்கு நானும் எருமையுந்தான் இருக்கறோம்.

இந்தக் கெழவன் எதுக்கு இம்புட்டு அக்கறையாப் பேசறான்னுதானே முழிக்கறே? வர்ற வியாழக்கெழமை ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு நீதான் என்னையக் கூட்டீட்டுப் போறே. பஸ்ஸுக்கு நிக்க எனக்கு முட்டி ஆவாது. மாடு வாங்கறதுன்னா பல்லப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் காச எடுப்பன். வண்டில ஏர்றதுன்னா லீவரப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் காலத் தூக்கிப் போடுவன்.

போ, அம்மாயிகிட்டச் சைக்கிள் டியூப்பு கேட்டு வாங்கு. வர்றப்ப அந்த மரத்துக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தீட்டு வா. இன்னைக்கு உன்ற பிரேக்கு அதுதானே?