டயருக்கு அடியில் எலுமிச்சை

மல்லசமுத்திரத்தில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். கூட்டுறவு விற்பனைச் சங்கத்துப் பருத்தி ஏலத்தில் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பிரித்தாரென்றால் பி.டி. ரகமா, கொட்டுப் பருத்தியா, ராத்திரி தண்ணீர் தெளித்து எடை ஏற்றியதா என்று மூன்றையும் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், பருத்தி விற்ற காசில் 2,00,000 ரூபாயை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு பழைய கார் வாங்கப் போனார்.

வண்டி தெரியாத சீமையில் பிறந்தவரும் அல்ல. ஒரு பக்கம் ரிக் வண்டிகளை இந்தியா முழுக்க அனுப்பி ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோடு. இன்னொரு பக்கம் லாரிக்கு பாடி கட்டும் நாமக்கல். டீக்கடையில் உட்கார்ந்தால் நாலு பேரில் இரண்டு பேர் டீசல் கணக்குப் பேசுவார்கள்.

வீட்டிலேயே ஒரு நிபுணர் உண்டு. பெரியப்பா. புதன்சந்தை மாட்டுச் சந்தையில் (பேர்தான் புதன், கூடுவது செவ்வாய்க்கிழமை) நாற்பது வருஷம் தரகு பார்த்தவர். மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணி வயசு சொல்வார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். "காரைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்" என்று நம்மவர் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். தெரிந்த மெக்கானிக் ஒருவர், "ஆயிரம் ரூவா குடுங்க, கூட வந்து பாத்துச் சொல்றேன்" என்றார். ஆயிரம் மிச்சம் என்று அவரையும் கழற்றிவிட்டார்.

புரோக்கர் காட்டியது 2014 மாடல் ஆல்டோ. வெள்ளை நிறம், மீட்டரில் 65,000 கிலோமீட்டர். "டாக்டரு ஓட்டுன வண்டிங்க. காலைல ஆசுபத்திரி, சாயங்காலம் வூடு, அவ்வளவுதானுங்க." இந்த வட்டாரத்தில் கைமாறும் பழைய கார்களை எல்லாம் டாக்டர்களே ஓட்டியிருந்தால், வைத்தியம் பார்க்க அவர்களுக்கு நேரம் எங்கே இருந்தது என்று நம்மவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பானட்டைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாதவர்கள் எல்லோரும் பார்ப்பதுபோல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

விலை 1,95,000 என்றார் புரோக்கர். நம்மவர் தயாராகத்தான் வந்திருந்தார். காப்பீட்டுக்காரர்களின் தேய்மான அட்டவணையைப் படித்து வைத்திருந்தார்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டுக்குள் 20, பிறகு வருஷத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் ஆண்டில் 50. அதற்கு மேல்? அட்டவணையே கையை விரித்துவிடுகிறது. வண்டிக்காரரும் கம்பெனியும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஐந்து வயசு தாண்டிய காருக்குப் படித்தவர்களும் கடைசியில் துண்டைத்தான் போடுகிறார்கள்.

கையில் இன்னொரு துருப்பும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புது வண்டி விலையே சரிந்தபோது பழசு மட்டும் அதே உயரத்தில் நிற்குமா? இதைக் கேட்டதும் புரோக்கர் முகம் கொஞ்சம் வாடியது. பேரம் 1,75,000-ல் படிந்தது. பாக்கி 25,000 என்று பூரித்துப்போய், நம்மவர் திரும்பும் வழியில் ஆட்டையாம்பட்டியில் வண்டியை நிறுத்தி இரண்டு கிலோ கைமுறுக்கு வாங்கினார்.

மறுநாள் பூஜை. நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சை.

இங்கே ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பழைய கார் சந்தையை வைத்து 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன; 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான், சந்தையில் மோசமானதே மிஞ்சும் என்பது அவர் வாதம். மோசமான காருக்கு அமெரிக்கர்கள் வைத்த பேர் எலுமிச்சை. அந்தக் கணக்கில் நம்மவர் வாசலில் நாலு எலுமிச்சையின் மேல் ஐந்தாவது நின்றுகொண்டிருந்தது.

கண்டுபிடித்தவர் பெரியப்பா. கதவைத் திறந்து உட்காரப் போனவர் குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். அதன் ரப்பர் வரி வரியாக இருக்க வேண்டியது. வழுக்கைத் தலையாக மின்னியது. "ஏங்கண்ணு, அறுவத்தஞ்சாயிரத்துக்கு இப்படித் தேயுமா? எட்டுப் பல்லு மாட்ட ரெண்டு பல்லுன்னு தள்ளிட்டான் போ." அப்புறம் மெக்கானிக் வந்தார். டயரின் பக்கவாட்டில் 1118 என்று நாலு இலக்கம்: 2018-ன் பதினோராவது வாரத்தில் செய்தது. பட்டன் இருந்தது, ஆயுசு போயிருந்தது. கிளட்சும் பேட்டரியும் வரிசையில் நின்றன.

டயர் 13,000. கிளட்ச் 7,500. பேட்டரி 4,200. பேர் மாற்றச் செலவு 3,500. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு, 1000 சி.சி.க்கு உட்பட்ட கார் என்பதால், ஆண்டுக்கு 2,094, வரி தனி. பாக்கி 25,000 கரைந்து, அதற்கு மேலும் ஐயாயிரத்துச் சொச்சம் மச்சானிடம் கைமாற்று. "ரெண்டு லட்சம் இருந்தா ஒண்ணரைக்குத்தானுங்க வண்டி பாக்கோணும்" என்றார் மெக்கானிக், ஸ்பேனரைத் துடைத்தபடி. அந்த ஆயிரத்தைப் பற்றி அவர் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஒரு காரியத்தில் மட்டும் நம்மவர் ஜெயித்தார். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கியதோடு நிறுத்தாமல், பழைய உரிமையாளரையே வரச்சொல்லி ஆர்.சி.யில் பேர் மாற்றிக்கொண்டார். அந்த மனிதருக்கும் அவசரம்தான். விற்றவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. கார் எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பேர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வந்தவரை உட்காரவைத்து முறுக்குக் கொடுத்துப் பேச்சுக்கொடுத்ததில் தெரிந்தது: அவர் டாக்டர் இல்லை, மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மைதான். ஒரு நாளைக்கு எட்டு ஆஸ்பத்திரி.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெரியப்பாவை அந்தக் காரிலேயே புதன்சந்தைக்கு அழைத்துப் போனார். வழியில் வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பெரியப்பா இறங்கிக் கதவைச் சாத்தினார்; மூடிக்கொள்ளவில்லை; மறுபடி ஓங்கிச் சாத்தினார். கூட்டத்தில் பழைய கூட்டாளி ஒருவர், "வண்டி எவ்வளவுக்குங்க முடிச்சீங்க?" என்று கேட்டார். நம்மவர் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா தோளிலிருந்த துண்டை உருவி, கூட்டாளியின் கையை மூடி, அடியில் விரலைப் பிடித்தார். அவர் பிடித்துக் காட்டியது எவ்வளவு என்று நம்மவர் இன்னும் கேட்கவில்லை.