தெருவில் ஏரி அமைப்பது எப்படி?

ஏரி வெட்டுவது அந்தக் காலத்து வேலை. கரை கட்ட வேண்டும், மதகு வைக்க வேண்டும், கலங்கல் அமைக்க வேண்டும். சென்னையில் அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை வரும்வரை பொறுமையாக இருந்து, கீழே சொல்வதைச் செய்தால் போதும்.

இடத்தேர்வு சுலபம். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெரியவர்கள் பெயர்ப்பலகையிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். தண்ணீர் இதையெல்லாம் மறப்பதில்லை.

அடுத்தது கொள்ளளவு. ஒரு கிரவுண்டு மனையில் 10 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 22,000 லிட்டர் சேரும். மே மாதத்தில் இதே தண்ணீரை லாரியில் வாங்கினால் கிட்டத்தட்ட இரண்டு பெரிய லோடு. இதில் ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்கக் கூடாது. எனவே வீட்டைச் சுற்றி டைல்ஸ் ஒட்டிவிடுங்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழி இருக்குமே, அதன்மேல் செருப்பு ஸ்டாண்டு வைக்கலாம்.

இனிதான் முக்கியமான வேலை: மழைநீர் வடிகால் கட்டுவது. சிலர் வடிகால் இருந்தால் ஏரி நிற்காதே என்று பயப்படுவார்கள். அனுபவம் இல்லாதவர்கள். கான்கிரீட், கம்பி, மூடி எல்லாம் முதல் தரமாக இருக்கட்டும், திறப்பு விழாவும் நடக்கட்டும். ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள்: வாட்டம். குளியலறைத் தரைக்கே மேஸ்திரி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது மூலைக்கு ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கூலி கேட்பார். ஒரு தெரு முழுக்கக் கட்டும் வடிகாலுக்கு அந்தச் சொம்புச் சோதனை நடந்துவிட்டால் திட்டமே பாழ். கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே சப்பையாகக் கிடக்கிற ஊர் இது. நூறடிக்கு ஓரிரு அங்குலம் சரிவு தப்பினாலும் தண்ணீர் குழம்பிப்போய் நின்ற இடத்திலேயே நிற்கும். கால்வாய்ப் பக்கம் உயரமாகவும் உங்கள் வீட்டுப் பக்கம் தாழ்வாகவும் அமைந்துவிட்டால், கால்வாய்த் தண்ணீரே உங்களைத் தேடி வரும். விருந்தாளியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

வடிகாலை அடுத்த வடிகாலோடு சேர்க்கவும் கூடாது. நடுவில் ஒரு மரமோ, இ.பி. பெட்டியோ, கோர்ட்டில் வழக்கு நடக்கிற சுவரோ அகப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சாலைத் தண்ணீரை வடிகாலுக்குள் இறக்கும் ஓரத்துக் குழியான கேட்ச்பிட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் வாய் சாலையைவிட அரையடி உயரத்தில் இருப்பது நல்லது, தண்ணீர் எம்பிக் குதித்தா உள்ளே போகும்? தாழ்வாக அமைந்துவிட்டால் கவலை வேண்டாம், அடுத்த முறை சாலை போடும்போது தாரே வாயை அடைத்துவிடும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போடச் சொல்லுங்கள். சாலை ஏற ஏற வீடு தானாகப் பள்ளத்தில் இறங்கும். அதிலும் தப்பிய வாய்க்கு இளநீர் மட்டையும் டீ கப்பும் போதும். தூர்வார ஆள் வந்தால் தடுக்காதீர்கள். வாரிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவார்கள், அடுத்த மழை அதைப் பத்திரமாகத் திரும்ப உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கழிவுநீர்க் குழாயை இரவோடு இரவாக இதில் இணைப்பது உங்கள் சாமர்த்தியம். அப்புறம் வெயில் காலத்திலும் வடிகால் நிறைந்தே இருக்கும்.

போய்ச் சேரும் இடத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், நம் முன்னோடிகள் பார்த்துக்கொண்டார்கள். பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன. அடையாறு, கூவம் முகத்துவாரங்களை மணல் அடைக்கிறது. புயலில் கடல் பொங்கி நின்றால் ஆறுகள் வாங்கிக்கொள்ளாது. தென்சென்னையின் வெள்ளத்தைக் குடித்துவைக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குப்பை மேடும் கட்டடங்களும் ஏறிய பிறகு, 2022இல் அதற்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. மரியாதை தாமதமாக வந்தாலும் மரியாதைதான்.

ஏரி நிரம்பியதும் பராமரிப்பு. காரை மேம்பாலத்தில் நிறுத்துங்கள், வேளச்சேரிக்காரர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். சுரங்கப்பாதைப் பக்கம் போகாதீர்கள். மோட்டார் வைத்து இறைப்பதானால் அடுத்த தெருவுக்கு இறைக்கவும். அவர்களும் மோட்டார் வாங்குவார்கள், தண்ணீர் வட்டம் சுற்றும்.

ஒரே ஒரு ஆபத்து உண்டு. புரட்டாசியிலேயே கேட்ச்பிட் மூடியைத் திறந்து பார்க்கிறவர்கள், முதல் மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மாடியிலிருந்து போன் கேமராவில் பிடிக்கிறவர்கள், அதைக் கவுன்சிலரிடம் நீட்டி "வாட்டம் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்கிறவர்கள். தெருவுக்கு நாலு பேர் இப்படிச் சேர்ந்துவிட்டால் ஏரி நிற்காது. அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவராகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.