மலையகச் சாப்பாட்டுப் பெட்டியும் மூடிக்கோணக் கோட்பாடும்

சங்கப் பாட்டுக்கு உரை உண்டு. உரைக்கு விளக்கம் உண்டு. விளக்கத்துக்கு மறுப்பும், மறுத்தவரோடு ஆயுட்காலப் பகையும் உண்டு. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரை காலையில் பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளைகளின் பையில், கணிதக் கொப்பிக்கும் சமய பாடப் புத்தகத்துக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் ரொட்டிக்கு மட்டும் உரை இல்லை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. பொருள் அற்பமானது என்பார் உளர். அவர்கள் ஒரு தேங்காயில் ஐந்து பேருக்கு மூன்று நாள் சம்பல் இடித்துப் பார்த்தவர்கள் அல்லர் ஆதலால் அவர் கூற்று தள்ளப்பட்டது.

ஆய்வு நெறி தொல்காப்பியருடையது: முதல், கரு, உரி. மலையும் மலை சார்ந்த இடமும் என்பதால் திணை குறிஞ்சி என்பதில் ஐயமில்லை. குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிர், சிறுபொழுது யாமம். இங்கே கூதிர் வருடம் முழுவதும் உண்டு. யாமத்துக்குச் சற்றுப் பிந்தி, மணி நாலுக்கு, லயத்தில் மா பிசையத் தொடங்குகிறார்கள். ஆறரை மணிவாக்கில் அம்மா, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும்; பிந்தினால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஏழரைக்குப் பிள்ளை பாடசாலையில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் முன்னால் அடுப்பு ஒன்று, காம்பரா ஒன்று, விறகு ஈரம்.

இனி நிலம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பது முந்தும், வேகுவது பிந்தும். பருப்புச் சட்டி தளதளவென்று ஆரவாரம் செய்யும். உள்ளே பருப்பு அசையாமல் கிடக்கும். கீழ்நாட்டுச் சமையல் புத்தகத்தை நம்பி நாலரைக்குப் பருப்பு ஏற்றிய தாய் பெரட்டைத் தவறவிடுவாள். தோசைக்கல்லுக்கோ மலையின் உயரம் தெரியாது. கொழும்பில் சுடும் அதே வேகத்தில் ராகலையிலும் சுடும். தோட்டத்துக் காலை உணவாக ரொட்டி நிலைபெற்றதற்கு வறுமை ஒன்றே காரணம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் பௌதிகவியலை மறந்துவிடுகிறார்கள். வறுமையும் காரணந்தான்; அதற்குப் பின்னால் வருகிறோம்.

ரொட்டிக்கு ஒரே எதிரி குளிர். கல்லின் சூட்டில் தண்ணீரைக் குடித்து அவிழ்ந்த மாப்பொருள், ஆறும்போது மறுபடி நெருங்கி அடுக்காகிறது, ரொட்டி விறைக்கிறது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் இது மிக விரைவாக நடக்கும் என்பது பாண் ஆராய்ச்சியில் நிலைநாட்டப்பட்டது. ஜனவரி மாதத்து நுவரெலியாக் காலை இதற்கென்றே அமைத்த ஆய்வுகூடம். ஐந்து மணிக்கு மெத்தென்று மடிந்த ரொட்டி பத்தரை மணி இடைவேளைக்குள் அடிமட்டத்துக்குப் பதிலாகக் கோடு போட உதவும் பதத்துக்கு வந்துவிடும். இதற்கு லயத்துப் பெண்கள் கண்ட மாற்று இரண்டு. ஒன்று, பச்சைத்தண்ணீர் விடாமல் சுடுதண்ணீர் ஊற்றிப் பிசைவது. மாவு முன்கூட்டியே கொஞ்சம் வெந்து கூடுதலாக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றது, முந்திய இரவின் சோறு ஒரு பிடி மிஞ்சியிருந்தால் அதையும் மாவோடு சேர்த்துப் பிசைந்துவிடுவது. காரணம் கேட்டால் “அப்புடி செஞ்சா பஞ்சு மாதிரி இருக்கும்” என்பார்கள். முடிவு சரியாக இருக்கும்போது காரணம் கேட்பது ஆய்வாளரின் தொழில் நோய்.

கருப்பொருளில்தான் தொல்காப்பியம் நம்மைக் கைவிடுகிறது. குறிஞ்சிக்கு உணவு தினையும் தேனும் ஐவன நெல்லும். நமது குறிஞ்சிக்கு உணவு கோதுமை மா. இலங்கை மண்ணில் கோதுமை விளைவதில்லை, கப்பலில் வருகிறது. 1980 முதல் திருகோணமலைத் துறைமுகத்தில் பிரிமா ஆலை அதை அரைக்கிறது. தேங்காய் குருநாகல், சிலாபம் பக்கமிருந்து வருகிறது. பருப்பு அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும். மாசி, கிடைக்கிற வீட்டில், மாலைதீவு வழக்கம். ஆக, மலையகத்துச் சாப்பாட்டுப் பெட்டி ஒரு சர்வதேச மாநாடு. மலையில் விளைந்தது என்று சொல்ல அதில் உள்ளது லீக்ஸ் தாள் நாலு துண்டு. கரட்டும் கோவாவும் லொறியேறிக் கொழும்புக்குப் போயாயிற்று. தேயிலை போத்தலில் சாயத்தண்ணியாகக் கூட வருகிறது. அதுவும் தூள் ரகம். நல்ல இலை பார்த்திராத நாடுகளுக்குப் போகிறது.

கோதுமை எப்படி வந்தது? கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்தின் முற்பாதியிலும் தோட்டங்கள் சம்பளக் கணக்கில் பிடித்துக்கொண்டு கொடுத்தது அரிசி. 1942-இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்ததும் அரிசிக் கப்பல் நின்றது. பங்கீட்டு அட்டையில் மா இடம்பிடித்தது. போர் முடிந்த பின்னும் மா இறங்கிப் போகவில்லை. பிறகு 1973, 74-இல் அந்த மாவுமே இல்லாமற்போன காலம் வந்தது. அதைப் பற்றித் தோட்டத்து முதியவர்களிடம் குறிப்பெடுக்கப் போகிறவர் கொப்பியை மூடிவிட்டுக் கேட்பது நல்லது. லயங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். போலி ஆய்வுக்கு உரிய பகுதி அல்ல அது.

2022-இல் ரூபா சரிந்து, உக்ரைனில் போரும் மூண்டபோது, ஒரு கிலோ மா 400 ரூபாவரை ஏறியது. அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா. அதையும் பல வருடம் போராடி 2021-இல்தான் வாங்கியிருந்தார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் காலை ரொட்டி சுட ஒரு கிலோ வேண்டும். கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் மீதியைக் கணக்கிடலாம். அதில்தான் மிச்ச இரண்டு வேளையும், பஸ் காசும், கொப்பியும். 2024-இல் சம்பளம் 1,350 ஆயிற்று. அதே வருடக் கடைசியில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்டு, ஏறியதை எடுத்துக்கொண்டு போயிற்று.

இங்கேதான் சம்பல் நிறமானி பயன்படுகிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் வெளியாக மாத முடிவுவரை காத்திருக்க வேண்டும். சம்பலோ தினம் காலை வெளியாகிறது. தேங்காய்ப்பூ தாராளமானால் சம்பல் இளஞ்சிவப்பு. தேங்காய் விலை ஏறினால் செத்தல் மிளகாயும் வெங்காயமும் முன்னேறி நிறம் கறுஞ்சிவப்பாகும். தேங்காயே இல்லாத கட்டத்தில் அது கட்டச் சம்பல்: உப்பு, மிளகாய், வெங்காயம், தேசிக்காய் இருந்தால் நாலு சொட்டு. கட்டச் சம்பலுக்குப் பிள்ளைகள் அதிகம் தண்ணீர் குடிப்பார்கள், வயிறும் நிறையும். இதைச் சிக்கனம் என்பதா தந்திரம் என்பதா என்று உரையாசிரியர் முடிவு செய்யவில்லை.

பெட்டிக்குத் திங்களைப் போல வளர்பிறை தேய்பிறை உண்டு. பெரும்பாலான தோட்டங்களில் சம்பளம் பத்தாம் திகதி. பதினோராம் திகதி பெட்டியில் முட்டை உதிக்கும். பதினைந்துக்குள் சோயா மீட்; இறைச்சி மாதிரி இருக்கும், இறைச்சி என்று யாரும் ஏமாந்ததில்லை. இருபதில் உருளைக்கிழங்கு. இருபத்து மூன்று, நாலில் கட்டச் சம்பல், அது அமாவாசை. இருபத்தைந்துவாக்கில் அட்வான்ஸ் போட்டதும் மறுபடி கீற்று. செக்றோல் துண்டில் சேமலாப நிதி, சந்தா, கோயில் கணக்கு, பழைய கடன் எல்லாம் கழிந்து மிஞ்சிய தொகையைப் பெட்டியைத் திறந்தே சொல்லிவிடலாம். கணக்குப்பிள்ளை வேண்டாம்.

தேய்பிறையில் முட்டையை நீட்டிக்கும் கலை தனி அத்தியாயம் கேட்கும். ஒரு முட்டை, இரண்டு கரண்டி கோதுமை மா, நிறைய வெங்காயம், கொஞ்சம் தண்ணீர், அடித்தால் மூன்று பிள்ளைக்கு ஆம்லெட். அவித்த முட்டையானால் கத்தி ஆகாது; மஞ்சள் கத்தியில் ஒட்டி நட்டமாகும். தையல் நூலை முட்டையின் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி இரு முனையையும் இழுத்தால் துளி சிந்தாமல் இரு பாதி. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பாதி சமமா என்ற வழக்கைத் தீர்க்க நூலை விட நம்பகமான நீதிபதி இல்லை.

இப்போது மூடிக்கோணம். இடைவேளை மணி அடித்த பின் பெட்டிக்கும் அதன் மூடிக்கும் இடையே பிள்ளை உண்டாக்கும் கோணம் என்று இதை வரையறுக்கலாம். பாகைமானி மாணவரின் கணிதப் பெட்டியிலேயே இருப்பதால் உபகரணச் செலவு இல்லை. கோழி இறைச்சி என்றால் மூடி பக்கத்து மேசைக்கே போய்விடும். கோணம் வரையறுக்க முடியாதது. முட்டைக்கு 180. சோயா மீட்டுக்கு 120. பருப்பு, கிழங்குக்குச் செங்கோணம். ரொட்டியும் இளஞ்சிவப்புச் சம்பலும் 60. கட்டச் சம்பல் 30. சீனி தூவிய வெறும் ரொட்டிக்குப் பத்துப் பாகை: கை மட்டும் உள்ளே போகும், கண் சன்னலுக்கு வெளியே மலையைப் பார்க்கும். ஐஸ்கிரீம் பெட்டி, மாஜரின் டப்பா ஆகியவற்றுக்குக் கீல் கிடையாதே என்று மறுப்பார் உளர். மூடியை இடக்கையால் நிமிர்த்தித் தடுப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கோணம் அங்கும் கிடைக்கிறது. 2017-இல் லஞ்ச் ஷீட் தடை வரும்வரை பொட்டலம் கட்டி வந்தவர்களுக்கு மூடியே இல்லை. அவர்கள் மேசைக்குக் கீழே மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

பூச்சியப் பாகையும் உண்டு. மணி அடித்ததும் எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விடும் பிள்ளை. “பசிக்கல சேர்.” ஆரம்பப் பிரிவுக்கு அரசாங்கத்தின் பாடசாலை உணவு இருக்கிறது, ஆறாந் தரத்திலிருந்து பசி பிள்ளையின் சொந்தப் பொறுப்பு.

கோட்பாடு இவ்வளவு சீராக அமைந்த நிலையில் அதை உடைத்தவர்கள் ஏழாந் தரத்துப் பெண்பிள்ளைகள். நோர்வூட் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நாலு பேர் மேசைகளை ஒட்டிப் போட்டு, எல்லாப் பெட்டியையும் திறந்து, எல்லா மூடியையும் ஒதுக்கிவிட்டு, ரொட்டிகளைப் பிய்த்து நடுவே குவித்தார்கள். கடை வைத்திருப்பவரின் மகள் கொண்டுவந்த நூடுல்ஸ், நூலால் அறுத்த பாதி முட்டை, கட்டச் சம்பல், லீக்ஸ் தாள் வறுவல் எல்லாம் ஒரே குவியல். பாதி முட்டை கால் கால் ஆகி, பிறகு அளவுக்கு அடங்காத துண்டுகளாயிற்று. பெட்டி பெட்டியாகக் கோணம் அளக்க வழியில்லை. “இது யாருடைய ரொட்டி?” என்று கேட்டதற்கு, “தெரியாது சேர், காரமா இருக்கிறது அவட வீட்டுது” என்று ஒரு விரல் நீண்டது. அந்த விரலுக்கு உரியவள்தான் காரமான துண்டை அதிகம் எடுத்துக்கொண்டிருந்தாள். குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் இதை எங்கே சேர்த்திருப்பார் என்பது தெரியவில்லை. பங்கிடல் என்று ஆறாவது உரி ஒன்று கொள்க என்பது எம் துணிபு.

உணவு அட்டவணை ஒட்டும் பாடசாலைகளும் உண்டு: திங்கள் கடலை, செவ்வாய் பயறு, புதன் பழம் என்று போய், வெள்ளிக்கிழமை “விரும்பிய உணவு”. அட்டவணை எழுதியவர் சம்பளத் திகதியைப் பார்த்து எழுதவில்லை. இருபத்து நாலாம் திகதி வெள்ளியாக அமைந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒருமனதாக ரொட்டியை விரும்புகிறார்கள்.

தீராத சிக்கல் ஒன்றே. சம்பலை ரொட்டிக்குள் வைத்து மடிப்பதா, மூலையில் தனியே வைப்பதா? உள்ளே வைத்தால் ரொட்டி இளகும், காரம் ஊறும், மூடிக்கோணமும் கூடும். வெளியே வைத்தால் எண்ணெய் கசிந்து கொப்பிக்குப் போகும், ஆனால் சம்பல் மிஞ்சினால் மாலைக்கு ஆகும். அடுத்தடுத்த காம்பராக்களிலேயே இதில் இரு கட்சி. கொட்டகலை பக்கத்து லயம் ஒன்றில், விடியுமுன் ரொட்டியை மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் இரு கட்சியின் வாதங்களையும் விரிவாக எடுத்துரைத்தேன். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்தபடி அவர் கேட்டார்: “பெரட்டுக்கு நேரமாச்சு சேர். எனக்கு அரைப்பேர் போட்டா நாளைக்கு மா நீங்களா வாங்கித் தருவீங்க?”

இக்கேள்வி ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்க.