கோரையும் குப்பை மடலும்

கேள்வி: மின்னஞ்சல் பெட்டியில் குவியும் வேண்டாத மடல்களை ஒழிக்க வழி என்ன? (வாசகர், கிரான்)

பதில்: அழிப்பதால் மட்டும் அவை ஒழியா. கிரான் வயல்காரருக்கு இது தெரிந்த கதை: கோரையை மேலே அறுத்தால் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும். மடலை ‘ஸ்பாம்’ எனக் குறிப்பதே கிழங்கில் கைவைப்பது; அந்தக் குறிப்பிலிருந்துதான் வடிகட்டி கற்கிறது. ஜிமெயிலில் அப்படி ஒதுக்கப்பட்டவை 30 நாளில் தாமே அழிந்துவிடும்.

தெரிந்த கடையின் விளம்பரமென்றால் விலகும் இணைப்பை அழுத்தலாம். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்பும் விளம்பரதாரர் ஒரே அழுத்தில் விலக வழிதர வேண்டும் என 2024இல் கூகுள் விதி கொண்டுவந்தது. முன்பின் அறியாதவர் மடலில் அதே இணைப்பைத் தொடவே கூடாது. தொட்டால், அந்த முகவரியில் ஆள் இருப்பது அனுப்பியவருக்கு உறுதியாகிவிடும். அதன்பின் வருவது வெள்ளம்.

தொல்லை பழையது. 1978 மே மாதத்தில் கேரி துர்க் என்ற அமெரிக்க விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கணினி விளம்பரத்தை அனுப்பினார்.

பரிசு விழுந்தது, பொதி சுங்கத்தில் கிடக்கிறது என்று பணமோ கடவுச்சொல்லோ கேட்பது வேறு இனம், மோசடி. அதற்குப் பதில் எழுதாமல் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். தொலைபேசி எண் 101.