லைசென்ஸ் வரட்டும்

சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டு 1936-இல் கட்டியது. அதற்கு நாலு எட்டு தள்ளியிருக்கும் ஒட்டுக்கடையில், காலை ஏழரைக்குத் தே தாரிக்கை ஆறவிட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊரில் அவருக்கு லைசென்ஸ் அண்ணன் என்று பெயர். நேரம் பார்க்க மணிக்கூண்டு, காலம் எவ்வளவு மெதுவாகப் போகும் என்று பார்க்க இவர்.

இவர் மாதிரி ஊருக்கு ஒருவர் உண்டு. வீட்டு நிலத்துக்குப் பட்டா வரட்டும் என்பவர், டத்தோ பட்டம் இந்த வருஷம் வந்துவிடும் என்பவர் எல்லாரும் ஒரே இனம். ஆனால் கணக்காய்வு லைசென்ஸுக்குக் காத்திருப்பவரிடம் ஒரு தனிக் களை உண்டு. அவர் படித்தவர். பரீட்சை எல்லாம் தேறியவர். 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி எம்.ஐ.ஏ. என்கிற மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்துகொண்டவர்தான் தன்னைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளலாம். நம் அண்ணன் பதிந்துகொண்டவர், தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்து கீழே கையெழுத்துப் போடத்தான் முடியாது. அதற்கு 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 263-ஆம் பிரிவின்படி நிதியமைச்சரின் ஒப்புதல் வேண்டும். கையெழுத்துப் போட ஒரு கையெழுத்து வேண்டும் என்கிற விஷயம்.

"மனு என்னாச்சுண்ணே?"

"புத்ராஜெயா விஷயம் தம்பி. அவசரப்பட்டா ஆவாது."

2018-இலிருந்து இதே பதில். அந்த ஆண்டு மே மாதத்துக்கும் 2022 டிசம்பருக்கும் இடையில் நாட்டுக்கு மூன்று புது நிதியமைச்சர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் பதவியேற்ற மறுநாளும் அண்ணன் கடைக்கு வந்து, "ம்... இவரு மொதல்ல இருந்து படிக்கணும்" என்று பெருமூச்சு விடுவார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊரே வீட்டுக்குள் முடங்கியபோது, அதை அலட்டிக்கொள்ளாத ஒரே ஆள் இவர்தான். வித்தியாசமே தெரியவில்லையாம்.

கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் சனி, ஞாயிறு. இதை வைத்து அண்ணன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவர்கள் வேலை செய்வார்கள், நாம் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை நாம் விழித்திருப்போம், அவர்கள் தூங்குவார்கள். சனிக்கிழமை இரு தரப்பும் தூக்கம். ஆகவே நல்ல செய்தி வர வாரத்துக்கு நாலே நாள்தான், திங்கள் முதல் வியாழன் வரை. அந்த நாலு நாளும் சட்டையை டக்-இன் செய்து வருவார், மற்ற நாள் கைலி. தணிக்கைப் புத்தி என்பது இதுதான். தாமதத்தைக்கூடப் பத்தி பிரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் 'லைசென்ஸ் வரட்டும்' என்பது ஒரு கடன் பத்திரம் மாதிரி. சமையல்கட்டு அலமாரிக் கதவு தொங்குகிறதா, லைசென்ஸ் வரட்டும். புரோட்டோன் வீராவில் பின்கண்ணாடி இறங்க மாட்டேன் என்கிறதா, அதுவும் லைசென்ஸ் வரட்டும். அண்ணன் மனைவி, எங்களுக்கு அக்கா, ஒருமுறை என்னிடம் அமைதியாகச் சொன்னார்: "பிள்ளைங்க ரெண்டும் பத்து மாசத்துல வந்துருச்சுங்க தம்பி. இது என்னா பிரசவமோ தெரியல."

வரவேற்பறைச் சுவரோரம் ஒரு பெயர்ப் பலகை சாய்த்து வைத்திருக்கிறது. செய்து வாங்கிய அன்றே, தூசி படியாமலிருக்கத் தமிழ் நேசன் தாளில் சுற்றி வைத்தார். 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றே போனது. பலகை பிரிக்கப்படவில்லை. விருந்தாளிகள் பலகையைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு பழைய செய்தியைப் படிப்பார்கள். நானே ஒரு பட்டர்வொர்த் கொலை வழக்கைப் பாதி படித்திருக்கிறேன். மீதி பலகைக்குப் பின்பக்கம்.

இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றால், பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து. அண்ணனின் தாத்தா அங்கே பால் மரம் வெட்டியவர். தோட்டத்தில் துரைக்கு அடுத்த தெய்வம் கிராணி. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பாலைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுத்தினால், அதன் எடையும் தரமும் கிராணியின் பேனா சொல்வதுதான். செக்ரோலில் ஒரு கோடு குறைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஏன் என்று கேட்கத் தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. "நம்ம வூட்லயும் ஒருத்தன் பேனா புடிக்கணும்டா" என்று லயத்து வாசலில் சொன்னவர் அவர். பேரன் பேனாவைப் பிடித்துவிட்டான். மூடியைக் கழற்றத்தான் உத்தரவு வரவில்லை.

ஆனாலும் லைசென்ஸ் இல்லாத குறை அவருக்கு வெளியில் ஒரு நாளும் இருந்ததில்லை. வருமானவரி பாரம் நிரப்ப ஏப்ரலில் வாத்தியார்கள் வருவார்கள், ஜூனில் கடைக்காரர்கள் வருவார்கள். யோசனை இலவசம். "அதெல்லாம் கழிச்சுக்கலாம்லா" என்று தாராளமாக அள்ளிவிடுவார். பொறுப்பில்லாத யோசனைக்கு உள்ள இனிமை வேறு எதற்கும் இல்லை.

எங்கள் தாமான் கோயிலின் ஆண்டுக் கூட்டத்தில் இவர்தான் நிரந்தர உட்கணக்காய்வாளர். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை, கூட்டத்தில் கை தூக்கினால் போதும். ஒரு வருஷம் தைப்பூசக் கணக்கை வாசிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், "தேங்காய் ஆயிரம்னு போட்டிருக்கு, ஒடைச்சது எத்தன?" என்று எழுந்தார். பொருளாளர் தண்ணீர் குடித்தார். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். அண்ணன் மெல்ல எழுந்து, உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருப்பதாகவும், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது, அவன் நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது என்று அதில் வெட்டியிருப்பதாகவும் சொன்னார். மண்டபம் கப்சிப். நிர்வாகத்தில் முக்கால்வாசிப் பேர் பொருளாளருக்கு மாமன், மச்சான். உடனே, "இது பத்தாம் நூற்றாண்டு விஷயம், நம்ம சங்க விதியில இல்ல" என்று ஒருவர் சுதாரித்துக்கொண்டார்.

"அப்ப தேங்காய்?" என்றார் பின்வரிசை.

"லைசென்ஸ் வரட்டும், விளக்கமா சொல்றேன்" என்று அண்ணன் உட்கார்ந்துவிட்டார். கைதட்டல். மீண்டும் ஏகமனதாகத் தேர்வு.

2024 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகல் எடுக்க வேண்டும் என்று நீலக் கோப்போடு என் வீட்டுக்கு வந்தார். பிரிண்டர் சூடாகும்வரை சும்மா புரட்டினேன். பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். சான்றிதழ், தொழில்முறைச் சான்றிதழ்கள், நெற்றி இன்னும் இவ்வளவு ஏறாத காலத்துக் கடவுச்சீட்டு அளவுப் படங்கள் நான்கு. விண்ணப்ப பாரம் அழகான கையெழுத்தில் முழுக்க நிரப்பியிருந்தது. அதன் அசல்.

"அண்ணே, இது அசல்லா?"

"ஆமா."

"அப்ப புத்ராஜெயாவுல இருக்குறது?"

ஒன்றும் இல்லை. முன்பு வேலை பார்த்த தணிக்கை அலுவலகத்திலிருந்து அனுபவக் கடிதம் ஒன்று வேண்டியிருந்தது. அதில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் விட்டுப்போயிருந்தன. பழைய முதலாளி ஓய்வுபெற்று ஈப்போவுக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அவரிடம் கேட்க இவருக்குக் கூச்சம். ஆறு வருஷமாக அமைச்சர் மேசையில் கிடப்பதாக ஊரே நம்பிய கோப்பு, இவர் வீட்டுக் குளிர்பெட்டியின்மேல் முறுக்கு டின்னுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"இத்தன வருஷமா எல்லாரையும் ஏமாத்திட்டீங்களே!"

"அனுப்பிட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனா? காத்திருக்கேன்னுதானே சொன்னேன்?"

நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். ஒரு வாக்கியத்தில்கூடப் பிழை சொல்ல முடியாது. இவர்தான் கணக்காய்வாளராக வேண்டியவர் என்று அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

மறுவாரமே அவரை வீராவில் ஏற்றி, பின்கண்ணாடி இறங்காமலே, ஈப்போ போனோம். பெரியவர் கடிதத்தில் இரண்டு தேதியை எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "மொதல்லயே கேட்டிருக்கலாமேப்பா" என்றார். அண்ணன் வெள்ளைக் கோப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனு போனது. நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. இ.டி.எஸ். ரயிலில் டையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு போய் வந்தார். ஏன் இவ்வளவு காலம் கழித்து விண்ணப்பிக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். ஆவணங்கள் முழுமையாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை என்றாராம். தீபாவளிக்கு முன்பே ஒப்புதல் வந்துவிட்டது.

வந்த நேரத்தைப் பாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து தனியார் நிறுவனங்களுக்குத் தணிக்கை விலக்கின் வரம்பை உயர்த்திவிட்டார்கள். வருமானம், சொத்து, ஆள் எண்ணிக்கை ஆகிய மூன்றில் இரண்டு வரம்புக்குள் இருந்தால் தணிக்கையே வேண்டாம். வருமானத்துக்கும் சொத்துக்கும் அந்த ஆண்டு பத்து லட்சம் வெள்ளி, 2026-இல் இருபது லட்சம், 2027-இல் முப்பது லட்சம். அண்ணன் மனசுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்த பட்டறை, அச்சகம், மசாலா ஆலை எல்லாம் இதில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. முறுக்கு டின்னை ஆறு வருஷத்துக்கு முன்னால் தூக்கியிருக்கலாம்.

ஒட்டுக்கடையில் கூட்டமும் குறைந்துவிட்டது. கழிச்சுக்கலாம்லா என்று அள்ளிவிட்டவர் இப்போது, "பில் எங்க?" என்கிறார். பில் இல்லை என்றால் தே தாரிக்கைக் குடித்துவிட்டுப் போகச் சொல்கிறார். கையெழுத்துக்கு இப்போது பொறுப்பு உண்டல்லவா! தேங்காய் விஷயம் வேறு பாக்கி இருக்கிறது. பொருளாளர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

அண்ணன் முகத்தில் முதல் ஒரு மாதம் களையே இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை பார்த்தால் பழைய சிரிப்பு. ஒப்புதல் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லுமாம், அதற்குள் புதுப்பிக்க மனு போட வேண்டுமாம். புது நீலக் கோப்பு ஒன்று வாங்கிவிட்டார். குளிர்பெட்டிமேல் எதுவும் வைக்கக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

தமிழ் நேசனைப் பிரித்துப் பலகையை மாட்டப் போனால், அதிலிருந்த தொலைபேசி எண் இப்போது வேறு யாருக்கோ போயிருக்கிறது. புதுப் பலகைக்குச் சொல்லியிருக்கிறார், இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை, கணக்கு வைத்திருப்பவர்கள் ஒட்டுக்கடைக்கே வரலாம். பில்லோடு வாருங்கள்.